மீனாட்சிக்குக் கேட்ட சத்தம்

மூன்று வாரமாக இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று கடிதம் போட்டவர்களுக்கு நன்றி. 'சுகவீனம்' என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரு சுகவீனமும் இல்லை. எழுத வெட்கமாக இருந்தது — அவ்வளவுதான்.

கண்டியில் ஏரோப்பிளேன் விழுந்த செய்தியை எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன டீச்சர் நான்தான்.

நான் பெண் பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவள். சீமையிலே பெண்கள் தனியாக விமானம் ஓட்டிக் கடல் தாண்டுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்ததை எல்லாம் வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். நம்முடைய பிள்ளைகள் மட்டும் எத்தனை காலத்துக்குத் தையல் ஊசியோடு இருப்பது?

அப்போதுதான் மகாவலி ஆற்றுக் கரையோரப் புல்வெளியில் ஓர் இரட்டைச் சிறகு விமானம் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். ஆட்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருடைய தொழில். போய்க் கேட்டேன். "பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். எல்லாம் விளக்கிச் சொல்கிறேன். ஒருத்தியை மேலேயும் கொண்டு போகிறேன்" என்றார்.

யாரை ஏற்றுவது? 'நான் ஏன் பறக்க வேண்டும்' என்று எழுதச் சொன்னேன். ஸபியா எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டு மதில், வானத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு சின்னது என்று அறிய.' பதின்மூன்று வயது. வேறு யாருக்குக் கொடுப்பேன்?

அவளுடைய வாப்பாவுக்குக் கண்டி டவுனில் புடவைக் கடை. இரண்டு தடவை போய்க் கேட்டேன். மூன்றாம் தடவை இறங்கி வந்தார்.

"எங்கட ஆக்கள் ஏசுவாங்க டீச்சர். ஆனா புள்ள ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடல்ல. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

சனிக்கிழமை காலை ஆறு பிள்ளைகளோடு போனேன். பைலட் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இது காற்றாடி, இது எஞ்சின், இது வரைபடம். வேலிக்கு வெளியே பாதி ஊர் நின்றது; ஸபியாவின் வாப்பாவும் நின்றார். எனக்கு ஒரே பெருமை.

ஸபியாவை முன் ஆசனத்தில் ஏற்றி, வாரைக் கட்டி, எஞ்சினைக் கிளப்பினார்கள். அந்த நேரம் என் சேலையைப் பிடித்து இழுத்தாள் மீனாட்சி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் வளர்ந்த பிள்ளை. தேயிலைத் தொழிற்சாலையில் — தோட்டத்தில் அதை 'இஸ்டோர்' என்பார்கள் — அவளுடைய அப்பாதான் எஞ்சின் பார்க்கிறவர்.

"மிஸ், சத்தம் சரியில்லைங்க. நடுவுல ஒண்ணு விட்டு விட்டு அடிக்குதுங்க. எங்க இஸ்டோர் எஞ்சின் நின்னு போறதுக்கு முந்தி இப்படித்தான் அடிக்கும். அவர்கிட்டச் சொல்லுங்க மிஸ்."

நான் என்ன செய்தேன்? திரும்பிப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"உமக்கு என்ன தெரியும்? எல்லாரும் பாக்கினம். பேசாமல் நில்லும்."

பைலட்டுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் போதாது. நடுவில் இருந்த ஒரே ஆள் நான். கையை உயர்த்தி நிறுத்திக் கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

விமானம் எழும்பியது. ஸபியா கையசைத்தாள். ஆற்றுக்கு மேலே போனபோது சத்தம் இரண்டு தடவை திக்கியது... பிறகு நின்றே போனது. விமானம் கரைக்குத் திரும்ப முயன்றது. ஒரு சிறகு மரத்தில் பட்டது. அக்கரை வயலில் தலைகீழாக விழுந்தது.

ஓடத்தில் கடந்து போய்ச் சேர்ந்தோம். பைலட் கால்கள் முறிந்து கிடந்தார், பிழைத்துவிட்டார். ஸபியா நாங்கள் போகும் முன்பே போய்விட்டாள். அவளுடைய வாப்பா சேற்றில் முழங்காலிட்டு மகளின் முகத்தைத் தன் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஸபியாவின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மேல போகக்கொள புள்ள சிரிச்சாளா டீச்சர்?"

"ஓம்" என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அந்த வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை.

விசாரணையில், எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது, முன்கூட்டி யாராலும் அறிந்திருக்க முடியாது என்று பைலட் சொல்லியிருந்தார். என் முறை வந்தபோது மீனாட்சி சொன்னதைச் சொன்னேன். அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"லயத்துப் பிள்ளை எஞ்சினைப் பற்றிச் சொன்னதையா எழுதச் சொல்கிறீர்கள்?"

அவர் எழுதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்குக் கேட்டதும் பிறகு நடந்ததும் ஒரே கோளாறுதானா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. கேட்டுப் பார்த்திருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

போன ஞாயிறு ஹந்தானைக்கு ஏறிப் போனேன். விமானம் விழுந்த நாளிலிருந்து மீனாட்சி பள்ளிக்கூடம் வரவில்லை. லயத்து வாசலில் அவளுடைய அப்பாவுக்கு முன்னாலேயே சொன்னேன் — பிழை என்னுடையது என்று.

"நீங்க போயி அப்படியெல்லாம் சொல்லலாமாங்க மிஸ்" என்று பதறினார் மனிதர்.

மீனாட்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும் மிஸ்."

வாசகர்களே, எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"நீர் சத்தமாய்த்தான் சொன்னீர் பிள்ளை. நான்தான் கேக்கேல்லை" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டளை ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் மாணவிகள் யாரும் விமானத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாதாம். என் வகுப்புச் சுவரில் இருந்த படங்களையும் கிழித்துவிட்டார்கள். பக்கத்து ஆண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்தோ அடுத்த மாதம் விமானம் பார்க்க ரயிலில் கொழும்புக்குப் போகிறார்கள்.

காது கொடுக்காமல் விட்டவள் நான். தடை மட்டும் பிள்ளைகளுக்கு.