ஒரு காரணம் போதும்

கிருபாராணி எங்கள் சபைக்காரி, அமெரிக்காவில் லிவர்மோரில் நர்ஸ். பரீட்சையில் ஒரு காரணம் கேட்டாலும் தெரிந்ததையெல்லாம் எழுதிவைத்து மார்க் வாங்கிய நாகர்கோவில் பெண். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கும் அப்படித்தான் மனப்பாடம் பண்ணினாள். குடியுரிமை கிடைத்தால்தான் ஊரில் தனியாகக் கிடக்கும் அம்மாவை அழைத்துக்கொள்ள முடியும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையில் கணவர் பால்துரையின் தம்பி ஜெரிஷும் அவன் மனைவி ஃபெமினாவும் இருந்தார்கள். வேலை கிடைக்கும்வரை என்று வந்தவர்கள், கிடைத்த பிறகும் அசையவில்லை. அவளைக் கேட்டா பால்துரை வரச் சொன்னார்? அவள் சம்பளமும் பால்துரையின் கணக்கில்தான் விழுந்தது. புது சோபா வாசலில் வந்து இறங்கும்போதுதான் அவளுக்கு விஷயமே தெரியும். பால்துரை கை ஓங்கமாட்டார். சர்ச்சில் கண்ணை மூடி உருகி ஜெபிப்பார். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிறதில் அவரை மிஞ்சிய ஆளை நான் பார்த்ததில்லை.

தேர்வன்று, பிரிட்டனிடமிருந்து அமெரிக்கர்கள் பிரிந்ததற்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னார் அதிகாரி. கிருபாராணி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பிரிட்டிஷ்காரன் அவர்களைக் கேட்காமலே வரி போட்டான், சிப்பாய்களை அவர்கள் வீட்டுக்குள் தங்கவைத்தான், அவர்களை அவர்களே ஆள விடவில்லை. ஒன்று போதும் என்று சிரித்தார் அதிகாரி. பாஸ்.

கார் ஏறியதும் அம்மாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா, நான் பாஸாயிட்டேன். இனி உனக்கு அப்ளை பண்ணிரலாம்."



"நீ தோத்துட்டேன்னு மாப்பிள்ளை போன மாசமே சொன்னாரே மக்ளே. அதக் கேட்டு அவள நோகடிக்காதீங்கன்னும் சொன்னாரு. நான் வீட்ட வித்துட்டு முதியோர் ஹோம்ல சேந்துட்டேன். இனி எங்கயும் வரல்ல."

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பால்துரை சொன்னார்: "பாவம், வயசான காலத்துல எதுக்கு அலையணும்? நம்ம வீட்ல ரூமும் இல்லல்லா." குரலில் அத்தனை பரிவு.

வீடு வந்ததும் கிருபாராணி நேராக ஜெரிஷின் அறைக்குள் போனாள். துணி, செருப்பு, பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டுபோய் வீட்டு முன் டிரைவ்வேயில் வீசினாள்.

ஃபெமினா நிறைமாதக்காரி. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, நான் என்னக்கா பண்ணுனேன்?"

அவள் ஒன்றும் பண்ணவில்லைதான். கிருபாராணிக்கு அது தெரியும். தெரிந்தும் இரக்கம் வரவில்லை. எனக்கும் கிருபாராணிமேல் கோபம் வரவில்லை.

பால்துரை பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ன காரணத்துக்கு இப்பிடிப் பண்ணுத?"

"ஒண்ணு போதுமா, மூணும் சொல்லணுமா?" என்றாள்.

ஃபெமினாவின் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த தொட்டிலை இழுத்துவர உள்ளே போனாள்.