சாயம் கரைந்த சட்டைகள்

கணவர் வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போய்க் கடிதமும் நின்றுபோன பிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். குச்சவெளியில் அக்காவோடு இருந்திருக்கலாம். ‘எப்ப வாறாராம்?’ என்று கண்டவர்கள் எல்லாரும் கேட்பதைத் தாங்காமல்தான் திருகோணமலையில் ஓர் அறை எடுத்தேன். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் கடினமாகத்தான் இருந்தது.

நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் ஊழியர் சட்டைகளில் அவரவர் பெயரை எம்பிராய்டரி செய்வது என் வேலை. துணியை மரவளையத்தில் இறுக்கி, மெசினைக் காலால் மிதித்தபடி கையால் வளையத்தை நகர்த்த வேண்டும். பின்னறையில் கிண்ணியாக்காரர் ஒருவர் அதே சட்டைகளில் ஹோட்டலின் மீன் சின்னத்தை அச்சடிப்பார். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டுத்துணியைச் சட்டையின் மேல் வைத்து, நீலச் சாயத்தை ஊற்றி, ரப்பர் பலகையால் ஒரே இழுவை.

காலையில் “வந்தாச்சா தங்கச்சி?” என்பார். “ஓம் நானா” என்பேன்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பல நாட்களில் நான் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

ஒரு மாரிகாலத்தில் முதலாளி அவசரப்பட்டார். அச்சு நன்றாகக் காய்ந்து, சூடாக ஸ்திரிக்கை போட்டால்தான் சாயம் பிடிக்கும்.

“இன்னும் காயேல்லை, இப்ப குடுக்க ஏலாது” என்று நானா சொல்லியும் கேளாமல் சட்டைகளை அனுப்பிவிட்டார். முதல் சலவையிலேயே சாயம் கரைந்து, எல்லாம் பொதியாகத் திரும்பி வந்தன.

“தையலால மூடேலுமோ?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

“ஏலும்.”

நானா தன் கதிரையைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவர் சோக்கட்டியால் மீனை வரைந்து தர, நான் நூலால் நிரப்பினேன். வெளியே விடாத மழை. அவர் தன் பிள்ளைகளின் குழப்படிகளைச் சொல்லுவார், நான் சிரிப்பேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

ஒருநாள் புது நூலைச் சோதிக்க ஒரு துண்டுத் துணியில் எதையோ தைத்தேன். நானா அதை எடுத்து வாசித்தார்.

“இது ஆர்ர பேர்?”

அப்போதுதான் பார்த்தேன். “என்ர பேர்தான்.”

“இவ்வளவு நாளும் கேக்காம இருந்திட்டனே” என்றவர், அந்தப் பெயரால் என்னை ஒருமுறை கூப்பிட்டார். எனக்கு ஊசியின் துளை தெரியாமல் போயிற்று. அவர் தேத்தண்ணி வாங்க எழுந்து போனார்.

சட்டைகள் முடிந்ததும் கதிரை பின்னறைக்குத் திரும்பியது. அடுத்த மாரிக்கு முன் அவர் சவூதிக்கு வேலைக்குப் புறப்பட்டார். விடைபெற வந்தவரிடம், “வீட்டுக்குக் கடிதம் போடுறதை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ” என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “ஓம், போடுவன்” என்றார்.

அவர் போனபின் பின்னறையில் துணிக்கட்டுகளை அடுக்கினார்கள். அந்த ஞாயிறு பஸ் ஏறிக் குச்சவெளிக்குப் போனேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா, “நல்லா மெலிஞ்சு போனாய். இங்கயே நில்லன்” என்றாள்.

“நாளைக்கு வேலை இருக்கு” என்றேன். சாப்பிட்டுவிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன்.