சூளைக்குள் ஐந்து நாய்கள்

அன்றிரவு இருந்தவர்கள்: மின்சூளை அறையில் நான், ஐந்து மண் நாய்கள். சுவருக்கு அந்தப் பக்கம், காய்ச்சலோடு அக்கா. வேறு யாரும் இல்லை.

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அக்கா மண்ணில் மிருகங்கள் செய்பவள். இந்த ஐந்துக்கும் எட்டு மாத உழைப்பு. சனிக்கிழமை கண்காட்சிக்கு வண்டி வருகிறது. உருவங்கள் உள்ளே வெறும் கூடு. வயிற்றடியில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை இருக்கும். இல்லாவிட்டால் அடைபட்ட ஆவி வெடிக்கும். ஒன்று வெடித்தால் ஐந்தும் போச்சு.

“நைட் ஷிப்டைப் பாதியில விட்ட மாதிரி சூளையையும் விட்டுடாதடா. நடுவுல நிறுத்தினா எல்லாம் பாழ்.”

குத்தாமல் அவளுக்குப் பேசத் தெரியாது.

11.40. நூற்றுப்பத்து டிகிரி. உள்ளே மூச்சுச் சத்தம்.

ஹ்ஹா... ஹ்ஹா...

சுவரைத் தட்டினேன். “அக்கா, உள்ள என்னமோ மூச்சு வாங்குது!”

“ஈரம் ஆவியாப் போகுதுடா, பயந்தாங்கொள்ளி. தூங்கிடாத.”

1.15. இருநூற்று முப்பது. சிணுங்கல். வாயைக் கட்டிப்போட்ட நாய் சிணுங்குமே, அது. பிறகு... டக். தாடை கழன்ற மாதிரி.

வெடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சில்லு எதுவும் விழவில்லை.

3.05. எழுநூற்று இருபது. மண்ணில் பொட்டு ஈரம் மிஞ்சாத சூடு. சூளையில் எட்டிப் பார்க்கும் ஓட்டையின் அடைப்பை உருவினேன். கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன்.

செக்கச்செவேல். நான்கு நாய்கள்தான் தெரிந்தன.

ஐந்தாவது... ஓட்டையை ஒட்டி நின்றது.

முகத்தில் காற்று பட்டது.

சுடவில்லை.

ஈரமாக இருந்தது.

கை ஸ்விட்சுக்குப் போனது. எட்டு மாதம்... கையை எடுத்துக்கொண்டேன். விடியும்வரை உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை சூளை ஆறியது. அக்கா திறந்தாள். ஐந்தும் முழுசு. வைத்த இடத்திலேயே.

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசி நாயின் வயிற்றில் அவள் விரல் நின்றது.

“இதுக்குத் துளை போட மறந்துட்டேன்டா.”

“அப்ப எப்படி வெடிக்கலை?”

நாயின் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

ஐந்தையும் மூடிய வாயோடுதான் செய்திருந்தாள். தூக்கி உள்ளே வைத்தவன் நான்.

இது வாயைத் திறந்திருந்தது. உள்ளே நாக்கு. பற்கள். அவள் செய்யாதவை.

“தொடாதக்கா. வெளிய வா.”

“நீ போ.” தோளைப் பிடித்து என்னை வெளியே தள்ளினாள். குரல் தணிந்திருந்தது. “உன்னைக் கண்டாத்தான் உறுமுது.”

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.