ஏணி மலை இறங்கிய கதை

ஊரில் ஒருவரும் ஒரு படிகூட ஏறக் கூடாது என்பதற்காக வாரத்தில் ஆறு நாள் பாடுபடுகிற மனிதர், ஏழாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை ஏறப் போவார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஏன் இந்த வேண்டுதல் என்று கேட்டால் சக்கரத்துக்குக் காற்றடிக்கப் போய்விடுவார். ஆள் நெட்டை வேறு. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள் அவருக்கு ஏணி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஏறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நாலு வருடமாக எந்த மலையிலிருந்தும் அவர் சைக்கிளில் இறங்கியதில்லை. உச்சியைத் தொட்டதும் ஏதாவது வந்துவிடும். ஒரு வாரம் தொடை பிடித்துக்கொள்ளும். மறுவாரம் மேனேஜர் அவசரமாகக் கூப்பிடுவார். அதற்கடுத்த வாரம் மச்சினி படுத்த படுக்கையாகிவிடுவாள். சைக்கிளைப் பஸ் கூரையில் கட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து இறங்கி வருவார்.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். வளைந்த ஹேண்டில்பாரோடு பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றைக் யாரிடமிருந்தோ வாங்கிய புதிதில், முதல் மலை இறக்கம். வளைவில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார். சைக்கிள் வீறிட்டதே தவிர நிற்கவில்லை. சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் தயவில் கால்சட்டை மட்டும் கிழிந்தது. வீட்டுக்கு வந்து பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தார். தடிமன் அப்படியே இருந்தது, நூலளவுகூடத் தேய்மானம் இல்லை. லிஃப்டில் பிரேக் தேய்ந்திருந்தால் கெட்டது, தேயாமலிருந்தால் நல்லது. தொழிலில் அவர் பார்த்துப் பழகிய கணக்கு அதுதான். ஆக பிரேக்கில் குற்றமில்லை. மிச்சமிருப்பது ஆள். நாம் பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

தன்னை மாற்ற வழி தெரியாதவர்கள் சைக்கிளை மாற்றுவார்கள். எடை குறைந்த சக்கரங்கள் வந்தன. செங்குத்துச் சுவரில்கூட ஏறலாம் என்று கடைக்காரர் சத்தியம் செய்த பெரிய பல்சக்கரம் பின்னால் ஏறியது. புது சீட், புது பெடல். ஒவ்வொன்றும் அவரை உச்சிக்கு இன்னும் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதாவது, அவர் எந்த இடத்துக்குப் பயந்தாரோ அந்த இடத்துக்கு.

இப்படியிருக்கையில் கூட்டத்தின் தலைவர், மருந்துக்கடைக்காரர், ஓர் அறிவிப்பு செய்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு மலை. மொதல் மலை ஏறி, அந்தப் பக்கமா எறங்கி, அப்படியே அடுத்தது. பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

"எதுக்கு ரெண்டு?" என்றார் ஏணி.

"எல்லாம் உனக்காகத்தான்பா. ஒரு மலை உனக்குப் பத்தலையே!"

அன்று மாலை கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து, துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பிள்ளைகள் வரைந்த படங்களைத் தரையில் பரப்பி மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் போகல."

"ஏன், மறுபடியும் என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா? இருக்கறது ஒரே தங்கச்சி. பாவம், எத்தனை தடவைதாங்க அவளைப் படுக்கப் போடுவீங்க?"

ஏணி துணியைக் கீழே வைத்தார். இனி மறைத்துப் பயனில்லை.

"எனக்கு எறங்கப் பயம். பிரேக்ல ஒரு குறையும் இல்ல, நீயே பாரு, தேயக்கூட இல்ல. ஆள்தான் சரியில்ல."

மனைவி எழுந்து வந்து பிரேக் கட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

"இதென்னங்க, கல்லா?"

"ரப்பர்."

"எந்தக் காலத்து ரப்பர்?"

"சைக்கிளோட வந்தது."

"அதான் பார்த்தேன். எங்க ஸ்கூல் பசங்க பெட்டியில அழிக்கிற ரப்பர் இப்படித்தான் கெடக்கும், இறுகிப்போய், பளபளன்னு. ஒண்ணையும் அழிக்காது, பேப்பர் மேல வழுக்கிட்டு ஓடும். தேயலேன்னாலே அது செத்துப்போச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போடுன்னு சொல்லிச் சொல்லியே என் தொண்டை போச்சு."

ஏணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், ஓர் ஓவியத்தின் மேல். இறங்காததால் தேயவில்லை, தேயாததால் நல்லது என்று நம்பினார், நல்லது என்று நம்பியதால் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு இறங்கவில்லை. பிரேக் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்!

"அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்லையா?"

"அது ஞாயித்துக்கிழமை தெரியும். மொதல்ல எந்திரிங்க, அது ஒரு புள்ள வரைஞ்ச யானை."

மறுநாளே புதுக் கட்டைகள், புது கேபிள்கள். அதுவரை செய்த செலவிலெல்லாம் இதுதான் மிகவும் சொற்பம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் உச்சியில் வழக்கம்போல அவர்தான் முதலில் நின்றார். தொடை பிடிக்கிறதா என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தார். பாழாய்ப்போன தொடை அன்றைக்குப் பார்த்துப் பேசாமல் இருந்தது. இறங்கினார். முதல் வளைவில் விரல்களை மெல்ல மடக்கினார். சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது. அடுத்த வளைவிலும் கேட்டது. ஜல்லி, பள்ளம், எதிரே வந்த லாரி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவரும் சாலையில்தான் இருந்தார். நெஞ்சில் நாலு வருடமாக ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்து போனது. பயம் அடியோடு போகவில்லை, வயசுக்குத் தகுந்த அளவு மிச்சமிருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம்.

எல்லோரும் அவரை முந்திப் போனார்கள். அடிவாரத்தில் காத்திருந்த மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

"என்னப்பா இது, ஏறும்போது காத்து, எறங்கும்போது நத்தையா?"

"பயமா இருந்துச்சுப்பா."

சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை.

"யாருக்குத்தான் இல்ல? நான் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கிட்டு எறங்குறேனே, சந்தோஷத்துலயா?"

இரண்டாவது மலையில் ஏணியால் முன்போல ஏற முடியவில்லை. பிரேக் பிடித்துப் பிடித்து மரத்த விரல்களால் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து மிதிக்க வரவில்லை. நாலு பேர் கேலி செய்துகொண்டே தாண்டிப் போனார்கள்; போகட்டும் என்று விட்டுவிட்டார். உச்சியை நெருங்கும்போது என்றைக்கும் போல வயிற்றைப் பிசைந்தது. இன்னும் ஒரு வளைவு ஏறிய பிறகுதான் அவருக்கு விளங்கியது, அது வெறும் பசி.