இழைப்பு மெஷினை இறக்கிய விதம்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். நெம்புகோலுக்கு மட்டும் ஆண்டுக்கு நான்கு வகுப்புகள். ஓய்வுக்குப் பிறகு மர வேலையில் ஆசை வந்தது. திருத்துறைப்பூண்டியில் ஒரு மரப்பட்டறையை மூடினார்கள். அங்கிருந்த பழைய இழைப்பு மெஷினை வாங்கினேன். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் வழவழப்பாக வெளியே வரும். முழுக்க வார்ப்பிரும்பு. நானூறு கிலோவுக்குக் குறையாது என்றார்கள். இதுவரை அதில் நான்கு ஸ்டூல்கள் செய்திருக்கிறேன். ஒன்று ஆடுகிறது.

எங்கள் பக்கத்தில் ரைஸ் மில் மெஷினோ வாய்க்கால் கரையில் இருக்கும் இன்ஜினோ இடம் மாற வேண்டுமென்றால் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. அறுபது வயது இருக்கும். இரண்டு கடப்பாரை, ஆறு இரும்புக் குழாய், ஒரு சாக்கு நிறைய மரக்கட்டைகள், இவ்வளவுதான் அவருடைய சாமான். அவருக்குக் கைகொடுக்க என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவருக்கே ஐம்பது ஆகிறது. நெல் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். குறுவை அறுப்பு முடிந்து வீட்டில் இருந்தார்.

வேலையைத் தொடங்கும் முன் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

“சார், ஒண்ணு சொல்லிடுறேன். வேலை நடக்கறப்ப என் குரல் ஒண்ணுதான் கேக்கணும். நான் பிடின்னா பிடி, விடுன்னா விடு. நீங்க பெரியவங்க. நாற்காலியப் போட்டு உக்காந்து வேடிக்கை பாருங்க.”

“சார் வேடிக்கை பாத்து நான் பாத்ததே இல்ல மேஸ்திரி” என்றார் மாணவர்.

மூவரும் சிரித்தோம். மேஸ்திரி சொன்னது எவ்வளவு சரி என்பதை நான் ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வாசலிலிருந்து கார் ஷெட் வரை மெஷின் குழாய்களின் மேல் உருண்டு வந்தது. பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போடுவார்கள். ஒரு கீறல் இல்லை. ஷெட்டுக்குள் குழாய்களை எடுத்துவிட்டு மெஷினைத் தரையில் இறக்க வேண்டும். கூரை தாழ்வு என்பதால் மூன்று கம்பங்களை முக்காலியாக நிறுத்திச் சங்கிலியில் தூக்க வழியில்லை. மேஸ்திரி கட்டை மாற்றி இறக்கினார். அதாவது, ஒரு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பி, அங்கே இருக்கும் பெரிய கட்டையை எடுத்துச் சின்னக் கட்டையை வைப்பது, பிறகு மறுபக்கம். இப்படி மெஷின் ஒவ்வோர் அங்குலமாகக் கீழே வரும். கட்டை மாறும் அந்த மூன்று நொடி மெஷினைத் தாங்குவது கடப்பாரை மட்டும்தான்.

மெஷின் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் நான் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். கடைசிக் கட்டைக்கு வந்தபோது மெஷின் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை விலகி இருந்தது. மாணவர் கடப்பாரையை அழுத்திக்கொண்டு நின்றார். மேஸ்திரி குந்தி உட்கார்ந்து “பிடி” என்று சொல்லிச் சின்னக் கட்டையைத் தள்ளினார். அது பாதி உள்ளே போயிருந்தது.

நான் எழுந்து, “விடுப்பா, விடு, கோடு தப்புது” என்றேன்.

மாணவர் விட்டுவிட்டார். பதின்மூன்று வயதிலிருந்து என் குரலுக்குப் பழகியவர். அவருடைய மூளைக்கு அதில் வேலையே இருந்திருக்காது. மேஸ்திரியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

திருவாரூரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். படித்தவன் என்ற முறையில் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். “மெஷினுக்கு அடியில கைய விட்டுட்டார்.” மேஸ்திரி என்னைப் பார்த்தார். மாணவர் தன் செருப்பைப் பார்த்தார். டாக்டர் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் நான் ஏற்றேன். அதையும் ஊரில் நல்லவிதமாகப் பேசினார்கள்.

முதல் முறை சொல்வதுதான் கஷ்டம். ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் கேட்டவர்களிடம் சொன்னேன், சலூனில் சொன்னேன், பிறகு ஈர்ப்பு மையத்தையும் சேர்த்துக்கொண்டேன். அனுபவம் இருக்கிறது, முறையான பயிற்சி இல்லை, பாவம், என்று முடிப்பேன். ஒவ்வோர் ஆராதனையிலும் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கையும் சொல்லிக்கொண்டிருந்தேன். நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது சிரமம் தெரிவதில்லை.

மேஸ்திரிக்குக் கை ஆறியது. குத்தாலம் பக்கத்து ரைஸ் மில்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். மில்லில் பெரிய மெஷின் ஒன்றை இடம் மாற்ற வேண்டும், வழக்கமாக மேஸ்திரிதான், இப்போது கொடுக்கலாமா, நீங்கள் கூடவே இருந்தவர் ஆயிற்றே, என்று கேட்டார். மறுநாள் சொல்கிறேன் என்றிருக்கலாம். அவர் கேட்டு முடித்ததுமே, “வயசாயிடுச்சுங்க, கவனம் கொறஞ்சிருக்கு. கிரேன் சொல்லிடுங்க” என்றேன். விடு என்று சொன்னதாவது வாய் தவறி வந்தது. இது யோசித்துச் சொன்னது. மில்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறவர்கள். அதன்பின் மேஸ்திரியை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஒரு நெல் குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார்.

பொங்கலுக்கு மாணவர் கரும்புக் கட்டோடு வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: “மேஸ்திரிகிட்ட நான் மன்னிப்பு கேட்டுட்டேன் சார். என் தப்புதான்னு சொன்னேன். நீங்க சொல்லி விட்டேன்னு சொல்லல.”

என்னைக் காப்பாற்றியதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பஸ் ஏறிக் குத்தாலம் போய் மில்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டார்.

“அந்த மனுஷனுக்காக நீங்க பழிய ஏத்துக்கறீங்க பாருங்க சார். இந்த மனசு யாருக்கு வரும்?”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. காபி வந்தது. “மெஷின் விஷயம் மட்டும் கிரேனாவே இருக்கட்டும் சார்” என்றார்.

போதகரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவர் பிறர் குற்றத்தைத் தன்மேல் சுமந்துகொள்ளும் ஒருவரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெயர் சொல்லவில்லை. சபையார் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கடைசியாகத்தான் மேஸ்திரியிடம் போனேன். முதலில் போயிருக்க வேண்டிய இடம் அது. குடோன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து எனக்கு அதைக் கொடுத்துவிட்டு, மூட்டையின் மேல் உட்கார்ந்தார். விடு என்று சொன்னது நான்தான் என்றேன்.

“தெரியும் சார். நான் அங்கதான இருந்தேன்.”

மில்காரரிடம் சொன்னதையும் போதகரிடம் சொன்னதையும் சொன்னேன். யாரும் நம்பாததால் எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

“எழுதுங்க. பேரப் போடாதீங்க. போட்டா நான்தான் உங்கள எழுத வச்சேன்னு ஆயிடும்.”

“வேற என்ன எழுதட்டும்?”

“கட்டை நுனி வெளிய இருந்துச்சுன்னு எழுதுங்க சார். நம்ம தொழில் தெரிஞ்சவன் யாராவது படிச்சா அவனுக்கு அது போதும்.”

ஆகவே எழுதுகிறேன். கட்டையின் நுனி மெஷின் விளிம்புக்கு வெளியே நான்கு விரற்கடை நீண்டிருந்தது. மேஸ்திரி அந்த நுனியைப் பக்கவாட்டில் பிடித்திருந்தார். கை உள்ளே போகவில்லை. மெஷின் விழுந்த வேகத்தில் கட்டை திரும்பிக் கையையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே இருந்து நான் தெளிவாகப் பார்த்தேன்.