வராத தண்ணீருக்குக் காவல்

பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவின் மடையை என் புருஷன் மனோகரன் திருட்டுத்தனமாக அடைக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் அய்யாக்கண்ணுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் குத்தாலம் பக்கம் தண்ணீருக்குச் சண்டை போடாத விவசாயி எவன்? வரப்பில் நின்று கத்திவிட்டு, கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம்தானே நாங்கள்.

அதனால் அது நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேட்டூர் அணையை மூடி, வாய்க்கால் வெடித்துக் கிடந்த சித்திரை மாதத்திலும் அய்யாக்கண்ணு மம்பட்டியோடு மடையில் காவல் நின்றார். சொட்டுத் தண்ணீர் இல்லாத மடை. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அவர் பெண்டாட்டி தையல்நாயகிக்கு முன்பே தெரிந்திருந்தது. நடவு வயலில் அவள் கையும் முந்தும், வாயும் முந்தும். கேலி பேசியே எங்கள் இடுப்புவலியை மறக்கடிப்பாள். அந்த வாய் அடைத்துப்போனது. மனோகரன் தண்ணீரில் மருந்து கலக்கிறான் என்று அவர் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவள் கையால் கொடுத்தால் மட்டும் குடிப்பார், சாப்பிடுவார். டாக்டரிடம் காட்டலாம் என்று அவள் சொன்னதற்கு அவருடைய அண்ணன் தாண்டிக் குதித்திருக்கிறார். பைத்தியக்காரக் குடும்பம் என்று பேர் வந்தால் தன் மகளை எவன் கட்டுவான் என்று கேட்டாராம். நல்ல நியாயம். தம்பி எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

கடைசியில் அவள் ஒரு பொய் சொன்னாள். தனக்குத்தான் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, கும்பகோணத்தில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றாள். மனிதர் துடித்துப்போய்விட்டார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

அங்கே நடந்ததை அவளே எங்கள் கொல்லைப்பக்கம் வந்து சொல்லி அழுதாள். டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னதற்கு, இவளைத் தனியாக விட மாட்டேன் என்று நின்றாராம். கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னாராம். இவள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, மூலையில் உட்கார்ந்து அழுகிறாள் என்றாராம். அத்தனையும் உண்மை. டாக்டர் அவள் பெயருக்கே மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்த காரியம் கெட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு இல்லீங்க டாக்டர். இவங்களுக்குத்தான். வராத தண்ணிக்குக் காவல் நிக்கிறாங்க. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

அய்யாக்கண்ணு கத்தவில்லை. அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தையலு, மனோகரன் உனக்கு என்ன குடுத்தான்?"

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். டாக்டர் பின்னாலேயே வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை. எப்படியாவது இன்னொரு தடவை கூட்டிவாருங்கள் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த 'எப்படியாவது' எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம்.

நான் சும்மா இருக்கக் கூடாதா? டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கி ரசத்தில் கரைத்துக் கொடுத்துவிடேன் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் கையால இப்ப பச்சைத் தண்ணிகூட வாங்குறதில்லக்கா."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. நான் தெருவில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். என்னோடு பேசுவதை அவர் பார்த்துவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார். தெரிந்தும் எனக்கு அழுகை வருகிறது.

அய்யாக்கண்ணு கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி, தனக்குத் தானே பொங்கிக்கொள்கிறார். உள்ளே அவளும் அவருக்குச் சேர்த்தே உலை வைக்கிறாள். அந்தச் சோறு தினமும் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது.