வரைபடத்தில் எங்கள் தெரு

மதுரையில் "எந்த ஏரியா?" என்று கேட்டால் பாதி நேரம் சாதியைத்தான் கேட்கிறார்கள். கண்மாய்களைக் காப்பாற்றும் குழுவில் நான் சேர்ந்த முதல் ஞாயிறே அந்தக் கேள்வி வந்தது. காளவாசல் என்றேன். அங்கே ஹாஸ்டலில் இருந்தேன், முழுப் பொய் இல்லை. நகரத்துக்கு வெளியே, கண்மாய்க் கரையை ஒட்டிய காலனியில் அம்மா இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"நம்ம குழுவுல சாதியே கிடையாதும்மா" என்பார் குழுத் தலைவர். ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். எரிச்சலே அதுதான். சாதி கிடையாதாம்! சாக்கடை வந்து விழுகிற மூலையில் இறங்க மட்டும் காலனிப் பெண்களைக் கூலிக்குக் கூப்பிடுவார்கள். போட்டோ எடுக்கும்போது கூப்பிட மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கண்மாயின் முறை வந்தது. ஆக்கிரமிப்பு வரைபடத்தை மேஜையில் விரித்தார்கள். எங்கள் தெரு முழுக்கச் சிவப்பு. அதே கண்மாய்க்குள் நிற்கிற கல்யாண மண்டபத்தின் மேல் ஒரு கோடுகூட இல்லை.

"சார், மண்டபம்?"

"அவங்ககிட்ட பட்டா இருக்கேம்மா."

அந்தப் பட்டா எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது சிவப்புக் கட்டம் எங்கள் வீடு என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் என்று இத்தனை நாள் சமாளித்தேன். பயமெல்லாம் இல்லை, வெட்கம். த்தூ.

குழு கோர்ட்டில் மனுப் போட்டது. காலி செய்யச் சொல்லி வீடு வீடாக நோட்டீஸ் வந்தது. அப்புறம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். பேராசிரியருக்கு முகம் வாடிவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப கோர்ட்டு உத்தரவே வந்திருச்சு. உன் வீட்டுக்கு மட்டும் யார்கிட்டயாவது பேசிப் பாக்கவா?"

"அப்ப மத்த வீட்டுல இருக்கவங்கள்லாம் மனுசங்க இல்லையா சார்?" என்று கத்திவிட்டு வந்தேன். கத்தி என்ன ஆகப்போகிறது?

அன்று சாயங்காலம் காலனிக்குப் போனேன். தெருவே எங்கள் வாசலில் கூடியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா தாயி. இங்கன இம்புட்டுச் சனம் குடியிருக்கோம்னு அவுகளுக்குத் தெரியல போல. தெரிஞ்சா செய்வாகளா? நீ அவுகளோட பழகுறவ, ஒரு வார்த்த சொல்லு, போதும்."

வரைபடத்தை விரித்த அந்த மேஜைக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

அம்மா கூட்டத்தைப் பார்த்து, "அதேன் எம் மக பேசுறேன்னுட்டாள்ல, போயி அடுப்பப் பத்த வைங்க" என்றாள். எல்லோரும் நம்பிப் போனார்கள்.